வேணாம்னா ஒரு கரண்டி

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில்தான் எங்கள் கப்பல் நின்றது. நீளமான ஒரே அறை. மூலையில் வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், அதுதான் கேபின். நடுவில் நாலைந்து மேஜை, அதுதான் ரெஸ்டாரண்ட். ஜன்னலைத் திறந்தால் பிரியாணிக் கடையின் புகை வரும், அது கடல் காற்று. சொகுசுக் கப்பலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். நான் தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வந்தேன்.

பயிற்சி கொடுத்த சார் முன்பு கப்பலில் இருந்தவர். எந்தக் கப்பல் என்று கேட்டால் "பெரிய கப்பல்" என்பார். முதல் வகுப்பில் சுவரில் ஒரு படம் காட்டினார். உலகம் முழுக்க ஊர் சுற்றுகிறவர்கள் வருஷா வருஷம் எப்படிக் கூடப் போகிறார்கள் என்று ஒரு கோடு. பக்கத்தில் கப்பலில் சுற்றுகிறவர்களுக்குத் தனிக் கோடு, அது இன்னும் செங்குத்து. கொரோனா சமயத்தில் பள்ளத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறியிருந்தது. நம் துறைமுகங்களிலும் இனிமேல் கப்பல்கள் வந்து நிற்கும், வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலையப் போகிறார்கள் என்றார் சார். புரொஜக்டரைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்ததால் கோட்டின் நுனி சுவர் முடிந்து கூரைக்குப் போய்விட்டது.

"சார், ஃபேன்ல இடிக்கிது சார்," என்றேன்.

"என்னாதுடா?"

"வளர்ச்சி, சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "இந்த நக்கல கப்பல்ல பண்ணன்னு வையி, அடுத்த போர்ட்ல எறக்கி உட்ருவான்."

"எந்த போர்ட் சார்? மரக்காணமா?"

உண்மையில் எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்திருந்தது. பிளஸ் டூ கணக்கில் பெயிலானவன் நான். கணக்குப் பாடத்தில் வரும் எந்தக் கோடும் எனக்காகப் போட்டதாகத் தோன்றியதில்லை. இது அப்படி இல்லை. இதன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும், அதுவே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன்.

தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசரமும் இருந்தது. என் மாமா, அம்மாவின் தம்பி, திண்டிவனத்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். படிப்பு நின்றதிலிருந்து நான் அவரிடம் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். சாம்பார் வாளி என்னுடையது. மாமா புதிதாக இன்னொரு டீம் சேர்க்கிறார், தை மாதம் பிறந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று முடிவு பண்ணி வைத்திருந்தார். ஊரில் என் வயசுப் பையன்களுக்கு அது நல்ல வேலைதான். ஆனால் மாமாவிடம் பொறுப்பு வாங்கினவன் யாரும் அதை விட்டு வெளியே வந்ததில்லை. கார்த்திகைக்குள் கப்பல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளிதான். ஆள் எடுக்கிற ஏஜென்சி ஒருமுறை தள்ளினவனை மறுபடி கூப்பிடாது என்று சார் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"கப்பல்ல போய் என்னாடா பண்ணப் போற?" என்று மாமா கேட்டார்.

"சர்வீஸ், மாமா."

"அப்ப அங்கயும் வாளிதான். அதுக்கு எதுக்கு டை கட்டிக்கினு போற?"

"அங்க வாளிய ட்ரேல வச்சு எடுத்துக்கினு போவணும் மாமா."

மாமாவின் பந்தியில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடுகிறவர் வேணாம் என்றால் ஒரு கரண்டி. போதும் என்றால் இன்னொரு கரண்டி. இலையை மூடினால்தான் நிறுத்தவேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் பந்தியில் "இன்னும் போடுங்க" என்று வாயால் கேட்கமாட்டார்கள், கூச்சம். வேணாம் வேணாம் என்று கையை இலைக்கு மேலே விரிப்பார்கள். நாம் அந்த விரலுக்குக் கீழே கரண்டியைக் கொண்டுபோய்ச் சாதத்தின் மேல் இறக்கவேண்டும். கையில் ஒரு சொட்டும் படக்கூடாது. முதல் வேணாமிலேயே நகர்ந்துவிட்டால் அவர் கை கழுவப் போகிற இடத்திலேயே ஆரம்பித்துவிடுவார், "கவனிப்பே இல்லப்பா" என்று. ஒருமுறை பெண்ணின் பெரியப்பாவுக்குப் பாயசம் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டதற்கு மண்டபமே பேஜாராகி, மாமா அவர் கையைப் பிடித்துச் சமாதானம் பண்ணவேண்டியிருந்தது.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் குயிலாப்பாளையத்துப் பையன். அவன் அம்மா ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கிறார். அதிகம் பேசமாட்டான். கேபின் பாடத்தில் டவலை மடித்து யானை செய்யச் சொன்னால், அவன் யானை பன்றி மாதிரி வரும். "கப்பல்ல இத பாத்தா பொரிச்சுத் தரச் சொல்லுவான்டா," என்பேன். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மடிப்பான். பரிமாறுவதில் நான்தான் முதல். தட்டு ஏந்துவது, வலது பக்கம் நிற்பது, சிந்தாமல் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் சார் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டச் சொல்வார். "இவன் வாய மட்டும் தைச்சிட்டா நேரா கேப்டன் டேபிளுக்கே அனுப்பலாம்."

ஏஜென்சி ஆள் சென்னையிலிருந்து ஆள் எடுக்க வந்த அன்று, சார் விழுப்புரத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். எங்கள் அறையைக் காட்டக் கூச்சப்பட்டிருக்கலாம். உள்ளே போனதும் எனக்குக் கால் வழி தெரிந்தமாதிரி நடந்தது. நீள மேஜைகள், சுவரோரம் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை.

கேள்வி எல்லாம் நன்றாகவே போனது. வந்திருந்த ஆபீசர் வயசானவர், கோட்டு போட்டிருந்தார், தமிழ்க்காரர்தான். கப்பல் வேலைக்கு ஏன் வருகிறாய் என்றார். உலகச் சுற்றுலா வளர்ந்துகொண்டே போகிறது, அதிலும் கப்பல் சுற்றுலா என்று சார் சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தை ஒப்பித்தேன்.

"வளரட்டும். எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. உனக்கு என்னத்துக்கு?"

"எங்க மாமாகிட்ட இருந்து தப்பிக்கணும் சார்."

அவர் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற சாரின் முகத்தில் உயிர் வந்தது. அப்புறம் ஆபீசர் ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தார். அவர்தான் பயணி, நான் சூப் பரிமாறவேண்டும். வலது பக்கம் நின்றேன். குட் ஈவ்னிங் சொன்னேன். ஒரு கரண்டி ஊற்றினேன், கிண்ணத்து ஓரத்தில்கூடத் தீற்றல் இல்லை. அவர் ஒரு வாய் குடித்தார். நான் பாத்திரத்தோடு கொஞ்சம் குனிந்தேன்.

அவர் கிண்ணத்துக்கு மேலே கையை விரித்து, "நோ, தேங்க் யூ," என்றார்.

அந்த இடத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்தான் பிழைத்திருப்பேன். கை பாட்டுக்கு விரலுக்குக் கீழே போய் ஒரு கரண்டியை இறக்கிவிட்டது.

"சும்மா கொஞ்சூண்டு சார்," என்றேன்.

அவர் கையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அதையும் சொல்லியாகவேண்டும்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "எந்த ஊருப்பா?"

"திண்டிவனம் சார்."

"பந்தியில பரிமாறியிருக்கியா?"

"ஆமா சார்."

"தெரியுது." மடியிலிருந்து நாப்கினை எடுத்து மேஜையில் வைத்தார். "கப்பல்ல ஒருத்தன் வேணாம்னா வேணாம்தான். அவனுக்கு எறா ஒத்துக்காது, இன்னொருத்தனுக்குப் பால் ஒத்துக்காது. நீ ஆசையா ஒரு கரண்டி ஊத்துவ, அவனுக்குத் தொண்டை அடைச்சுக்கும். நடுக்கடல்ல எங்க தூக்கிக்கினு ஓடறது?"

"எங்க ஊர்ல வேணாம்னா கூச்சப்படறாங்கன்னு அர்த்தம் சார்."

"அது எனக்கும் தெரியும். நானும் வந்தவாசிதான்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "உன் கை யோசிக்காம செய்யுது. அதான் பயமா இருக்கு. அடுத்த ஆள வரச் சொல்லு."

அடுத்த ஆள் குயிலாப்பாளையத்தான். ஆபீசர் கிண்ணத்துக்கு மேலே கையை விரித்ததும் ஓரடி பின்னால் போய், தலையை லேசாக ஆட்டிவிட்டு நின்றான். அவ்வளவுதான். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே குழாய்க்குப் பக்கத்தில் அவன் என்னிடம் வந்தான். "வெள்ளைக்காரங்க வேணாம்னா நெசமாலுமே வேணாம்டா. எங்கம்மா மொத மாசமே திட்டு வாங்கினாங்க."

"இத நேத்து சொல்றதுக்கு இன்னாடா?"

"உனக்குத் தெரியாம இருக்கும்னு நெனைக்கலடா. நீதான ஃபர்ஸ்ட்டு."

"போ, போய் யானை செய்யக் கத்துக்க," என்றேன். சார் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அதற்குத் தயாராகக்கூட உட்கார்ந்தேன். வரவில்லை. கல்யாணத்தில் ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுக்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிறதே தெரியாமல் போகும். அந்த மாதிரி இருந்தது, ஆனால் விரலில் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். வேணாம் என்றேன். அவர் அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார்.

அம்மா போன் பண்ணினாள். "என்னாடா ஆச்சி?"

"கப்பல் ஃபுல்லும்மா. படியில தொங்கிக்கினு வர்றியான்னு கேட்டான், வேணான்னுட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. "சரி, சாப்பிட்டியா?"

"சூப் இருந்திச்சிம்மா."

"மாமா கேட்டுச்சின்னா என்னா சொல்றது?"

"தையில இருந்து வர்றேன்னு சொல்லு."

நானே அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோல இருந்தது.

வீட்டுக்குள் போனதும் நடுவீட்டில் ஒரு பெரிய சூட்கேஸ் நின்றது. சக்கரம் வைத்தது, நீல நிறம், என் இடுப்பு உயரம். காலையில் நான் கிளம்பியதும் அம்மா போய், அதே தெருவில் கோடியில் இருக்கிற அக்காவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அந்த அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். துடைத்து, திறந்து, உள்ளே என் புது பனியன்களை அடுக்கியும் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பனியன்களை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் குடுத்துக்கலாம் வையி."

"இப்பவே குடுத்துட்டு வர்றேன்மா. வழியில நிக்கிது."

கைப்பிடியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் தெரு சிமெண்ட் ரோடு, அங்கங்கே பெயர்ந்தது. சக்கரம் ஊருக்கே கேட்கிறமாதிரி கடகடவென்று சத்தம் போட்டது. கதவு திறந்தது, ஜன்னலில் தலை தெரிந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"கெளம்பிட்டியாப்பா? இவ்ளோ ஜல்தியாவா?"

"ஆமாங்க."

"எந்த நாட்டுக்குடா?"

"தெருக்கோடி வரைக்கும்ங்க. அப்பறம் கப்பல்காரன் பாத்துக்குவான்."

சிரித்தார்கள். ஒருத்தர் நல்லபடியா போய்ட்டு வாப்பா என்றார். இன்னொருத்தர் என் கையில் ஒரு முழம் மல்லிப்பூவைத் திணித்து, பெட்டியில் சாத்திக்கொள்ளச் சொன்னார். வேணாங்க என்றேன், மறுபடியும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கைப்பிடியில் அவரே சுற்றிவிட்டார்.

அக்கா கதவைத் திறந்து என்னையும் பூவையும் பெட்டியையும் பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியில தள்ளிடுப்பா," என்றார்.

தள்ளினேன். பாதி வரைதான் போனது. மீதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.