பருப்பு வேகாத ஊர்

பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்குக் குடிபோவதா வேண்டாமா என்ற முடிவை ஒரு பிடி துவரம்பருப்பிடம் விட்டிருந்தேன். சிரிக்காதீர்கள். பருப்பு வேகாத தண்ணீர் உள்ள ஊரில் குடியிருக்காதே என்றுதான் எங்கள் வீட்டில் பெண்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

கணவருக்குப் பிறை ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்திருந்தது. அவர் ஸ்டேஷனுக்குப் போனதும், நாங்கள் பார்க்க வந்த காலி வீட்டில் அடுப்பை மூட்டினேன். கடலோரக் கிணற்றுத் தண்ணீர். பருப்பு கொதித்தது, கொதித்தது, கல்லாகவே கிடந்தது. இந்த ஊர் வேண்டாம் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். படகுத்துறையில் சோற்றுக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“இந்தத் தண்ணியில வேகாது லா, அக்கா. குடுங்க, எங்க வீட்டுல மழைத்தண்ணி இருக்கு.”

மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. அவள் வீட்டு ஜாடியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். தடுத்தேன்.

“மழை வந்தா நெறஞ்சிட்டுப் போவுது. நீங்க பசியோட திரும்புனா நல்லாவா இருக்கும்?”

என் பருப்பு, மதியம் கத்தரிக்காய் போட்ட தால்சாவாகச் சோற்றோடு திரும்பி வந்தது.

மாலைப் படகில் கணவர் கேட்டார்: “என்ன, பருப்பு வெந்துச்சா?”

“வேகல. தண்ணி மோசம்,” என்றேன். “சாமானைக் கட்டுங்க.”

என் பிள்ளைகள் எல்லாரும் பிறையில்தான் பிறந்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கடைசிவரை பருப்பு வேகவில்லை. இப்போது இருக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீர்; சீக்கிரமே வெந்துவிடுகிறது. சட்டியை எட்டிப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.