எல்லையம்மன் தமிழ் பேசிய நாள்

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு. எங்கள் தெருவில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாடி வீடு என்னுடையது. பின்னால் இருக்கும் பட்டுத்தறிக் கொட்டகை நான் போட்டது. எல்லையம்மன் கோயில் மண்டபம் நான் கட்டியது. செய்யார் கம்பெனியில் சட்டை மடிப்புக் கலையாமல் வேலை பார்க்கிற மகனும் நான் ஆளாக்கியவன்தான். இத்தனைக்கும் நான் படித்தது மூணாங்கிளாஸ், அதுவும் தெலுங்கில். மண்டபத்தை ஊரே பேசுகிறது. அம்மனையே கொண்டுவந்தவன் நான் என்பதை மட்டும் ஒருத்தரும் பேசுவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் சித்தூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே தறி வேலை படுத்துவிட்டது. முள்ளிப்பட்டில் பட்டுத்தறி காலியாக இருக்கிறது என்று அப்பாவின் மாமா ஆள் அனுப்பினார். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வத்தின் காலடியில் பிடிமண் எடுத்துப்போய், புது ஊரில் அதை வைத்துக் கோயில் எழுப்புவது வழக்கம். அதற்கு அம்மன் உத்தரவு வேண்டும். சிலையின் தலையில் வைத்த பூ விழ வேண்டும். அம்மா காலையிலிருந்து கைகூப்பி நின்றாள். பூ விழவில்லை.

"எல்லையைக் காக்கிறவ எல்லையைத் தாண்டுவாளா?" என்று அழுதாள்.

"பஸ்ஸு போயிடும், ஜல்தி!" என்று அப்பாவே மண்ணை அள்ளிக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி அவள் கையில் திணித்தார்.

எல்லைச் சாவடியில் அரிசி கடத்துகிறவர்களைத் தேடி ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார்.

"கலயத்துல இன்னாம்மா?"

அம்மாவுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. அப்பா, "மண்ணுங்க" என்றார்.

"எங்க ஊர்ல மண்ணு இல்லன்னா தூக்கிகினு வர? கீழ கொட்டு, பாக்கலாம்."

கொட்டினால் தெய்வம் நடுரோட்டில். அம்மா கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தைக்கு ஆடி மாதம் சாமி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சீட்டின் மேல் ஏறித் தலையைச் சுழற்றினேன்.

"எல்லையம்மன் வரேண்டா! வழி விடுடா!"

போலீஸ்காரருக்குப் புரிய வேண்டுமே என்று, சந்தையில் பொறுக்கிய தமிழில் கத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா வோணும் தாயே?"

காலையிலிருந்து பட்டினி. "முறுக்கு" என்றேன்.

அவரே இறங்கிப்போய் வாங்கி வந்தார். பஸ் கிளம்பியது.

"சாமிக்குப் பல்லு நல்லாத்தான் கீது" என்றார் பின்சீட்டுக்காரர்.

அப்பாவின் கை என் காதுக்கு வந்தது. அம்மா தடுத்தாள். குனிந்து தெலுங்கில் ரகசியமாகக் கேட்டாள்: "நம்ம அம்மனுக்குத் தமிழ் எப்போடா வந்தது?"

மாட்டிக்கொண்டேன் என்று மெல்லுவதை நிறுத்தினேன். அவளே பதிலும் சொன்னாள்: "கத்துக்கிட்டா போல. அவளே கத்துக்கிட்டா, அப்புறம் எனக்கென்ன?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "வரேன்... வரேன்..." என்று தமிழில் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு ஏதோ பைத்தியம் என்று நினைத்து நான் அடுத்த முறுக்கைக் கடித்தேன். ஊரை விட்டு வர அவள் உத்தரவு கேட்டு நின்றது தனக்காகவும்தான் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? தெய்வம் கிடைத்த வாயில் பேசும். அன்றைக்குக் கிடைத்தது என் வாய்.

இன்றும் திருவிழாவில் அம்மனுக்கு முறுக்குதான் படையல். ஏன் என்று கேட்டால் பூசாரி முழிப்பார். இப்போது கும்பாபிஷேகத்துக்குக் கல்வெட்டு எழுதுகிறார்கள், 'மண்டபம் உபயம்' என்று என் பேரைப் போடுவார்களாம். மண்டபத்தைப் பணமிருந்தால் எவனும் கட்டுவான். அந்த வரியை அடித்துவிட்டு, அம்மனுக்கும் தன் அம்மாவுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்று போடுங்கள். பெரிய எழுத்தில்.