ஸ்க்ரூபுலஸ் பேருந்து

அறுவை சிகிச்சை வார்டின் மூத்த நர்ஸ் அவர். தன்மேல் தனக்குச் சந்தேகம் வந்து அவர் நின்றதை யாரும் பார்த்ததில்லை. வழி தெரியாத இடத்திலும் யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று நடப்பார். தவறான தெருவில் போய் நின்றால், "இதையும் பாத்த மாதிரி ஆச்சு" என்பார். சக ஊழியர்கள் அவருக்கு டைரக்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கிண்டல் செய்தவர்களுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

பெயர் வந்த கதை இது. மருத்துவமனையில் பதவி உயர்வு வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. தலைமை நர்ஸ் நாற்காலி காலியாக இருந்தது. டைரக்டரம்மா அதில் மனத்தளவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், தேர்வுதான் பாக்கி.

பாடம் சொல்ல வந்த வாத்தியாருக்கு அகராதியில் நம்பிக்கை கிடையாது. அகராதியை மூடினால் சொல்லும் உள்ளேயே படுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே ஆளுக்கொரு கடினமான சொல். அதை நடித்து ஒரு நிமிட வீடியோவாக வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். பேசக்கூடாது, பொருளை எழுதிக் காட்டவும் கூடாது. ஒருவர் நடிப்பதைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

முறை நன்றாகவே வேலை செய்தது. மருந்தகக்காரருக்கு 'ஆப்ஸ்டினேட்' விழுந்தது. 'இழு' என்று எழுதியிருந்த கதவை வீடியோ முடியும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார். பிடிவாதம் என்பதை அதன்பின் யாரும் மறக்கவில்லை.

டைரக்டரம்மாவுக்கு வந்தது 'ஸ்க்ரூபுலஸ்': சின்னக் குறையையும் விடாத கவனம். தனக்காகவே செய்த சொல் என்று அவர் எண்ணியதில் தவறில்லை. வீட்டுக் கட்டிலில் விரிப்புப் போட்டுக் காட்டினார். மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகினார். ஒரு சுருக்கம் தென்பட்டது. எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி தொடங்கினார். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் சுருக்கம் புண்ணாகும் என்பது வார்டில் பாலபாடம். வீடியோ ஒரு நிமிடத்துக்கு அடங்கவில்லை; அதைப்போல் நாலைந்து மடங்கு ஓடியது. வாத்தியார் வெட்டச் சொன்னபோது, எதை வெட்டுவது என்று அவரையே கேட்டார். டைரக்டரம்மா என்ற பெயர் அன்றுதான் விழுந்தது. போனைப் பிடித்திருந்த கணவர் எலக்ட்ரீஷியன். மணிக்கணக்காக ஏணியில் நிற்பவர். அவரே நடுவில் வாய்விட்டுக் கொட்டாவி விட்டது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். என்ன புரிந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கையோடு நடிப்பவரிடம் சந்தேகம் கேட்பது மரியாதையல்ல.

தேர்வு நடந்தது. முடிவு வரவில்லை, டைரக்டரம்மாவைத் தேர்வு அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. வாத்தியாரும் உடன் போனார், பாதி நிறம் வெளுத்து.

அதிகாரி விஷயத்தைச் சொன்னார். 'ஸ்க்ரூபுலஸ்' என்பதை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். பேருந்து ஸ்க்ரூபுலஸாக வந்ததால் ரயிலைத் தவறவிட்டேன் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் எழுதியிருந்தார். எங்கள் லிஃப்ட் ஸ்க்ரூபுலஸ், படியில் போவதே மேல் என்றது எக்ஸ்ரே பிரிவு. ஆமையைப் பற்றி மருந்தகக்காரர் எழுதியிருந்தார். வகுப்பு முழுக்க அந்தச் சொல்லுக்கு மந்தம் என்றே பொருள் கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் சரியாக எழுதியிருந்தார்.

"அந்த ஒருத்தர் நீங்க. பதவிக்குப் போட்டி இருக்குன்னு கேள்விப்பட்டேன். மத்தவங்களுக்குத் தப்பான விடைய முன்னாடியே குடுத்துட்டு, நீங்க சரியா எழுதிட்டீங்களோன்னு இங்க பேசிக்கிறாங்க."

நிரூபணமானால் தேர்வு எழுதவே தடை. நாற்காலி போனது போனதுதான். வாத்தியார் தண்ணீர் கேட்டார். டைரக்டரம்மா போனை எடுத்தார்.

"முன்னாடியே குடுத்தது வாஸ்தவம் சார். இதுதான் குடுத்தேன், பாருங்க."

அதிகாரி பார்த்தார். முதல் விரிப்பு வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை விரிப்பை உருவியபோது கன்னத்தில் கையை ஊன்றினார். கொட்டாவி வந்த இடத்தில் அவருக்கும் கொட்டாவி வந்தது. கோப்பு எடுக்க வந்த டைப்பிஸ்ட் அம்மாளை நிறுத்தி, இந்த அம்மா என்ன காட்டுறாங்கன்னு தெரியுதா என்று கேட்டார்.

டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தார். "ஆமை வேகம்னு காட்டுறாங்களா சார்?"

குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே இறந்தது. சதிகாரி என்று நிரூபிக்க முடியாதபடி அவ்வளவு மோசமான நடிகை என்பது நிரூபணமாயிற்று. வேறொருவராக இருந்தால் எது பெரிய அவமானம் என்று யோசித்திருப்பார். டைரக்டரம்மா போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கட்டில யாரும் பாக்கல சார், கடிகாரத்தப் பாத்திருக்காங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். மதிப்பெண் மட்டும் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. பேருந்து எப்படி வந்தாலும் தப்பு தப்புதான். டைரக்டரம்மா தேறினார், நாற்காலியும் வந்தது. மற்றவர்களும் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். மருந்தகக்காரர் மட்டும் மயிரிழையில் விழுந்தார். அந்த மயிரிழை ஆமையின் மேல் இருந்தது.

புதிய தலைமை நர்ஸ் முதல் வேலையாக அவரை வார்டுக்கு அழைத்தார். காலிக் கட்டில் ஒன்றில் விரிப்பைப் போட்டார். இந்த முறை கேமரா இல்லை, மௌன விரதமும் இல்லை. சுருக்கம் இருந்தால் முதுகில் என்ன ஆகும், மூலை ஏன் சாய்வாக மடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போட்டார். ஓரிடத்தில் திருப்தியில்லாமல் உருவிவிட்டு மறுபடி தொடங்கினார்.

"இப்பப் புரிஞ்சுதா தம்பி?"

"நல்லாப் புரிஞ்சுதுக்கா. ஆனா நீங்க மெதுவாவும்தான் போடுறீங்க."

"மூலையப் புடிங்க" என்றார் அவர்.