மறுபாதி ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். எழுதினால் அந்தப் பயம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம்தான். இன்று ஆண்டவரை நம்பி எழுதுகிறேன்.

நான் சொப்ரானோ (பெண்குரலில் மிக உயர்ந்தது). மலேசியாவில் பெக்கான் நானாஸ் என்ற ஊரின் மாதா கோயில் பாடற்குழுவில் தொடங்கினேன். பிறகு சிங்கப்பூர் மேடைகளில் லத்தீன் பாடல்கள், ஜொகூர் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு.

அப்படி ஒரு விருந்தில், பாட்டின் உச்சியில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வெறும் காற்று. வாத்தியக்காரர்கள் மைக்கை மாற்றிக் கொடுத்தார்கள். மைக் நன்றாகத்தான் இருந்தது.

குரல்நாணில் (அதிர்ந்து ஒலி எழுப்பும் தசைமடிப்பு) நீர்க்கட்டி என்றார் டாக்டர். "எடுத்துடலாம். ஆனா மேல் சுருதி திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேசவே கூடாது என்றார்கள். நான் பேசவில்லை. மாலையில் வீட்டுக்காரரோடு ஜெபமாலை மட்டும் கிசுகிசுவென்று சொன்னேன். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதி அவர், மறுபாதி நான். ஆண்டவருக்குச் சொல்வது பேச்சில் சேராது என்றே இருவரும் நினைத்தோம்.

அடுத்த பரிசோதனையில் காயம் வீங்கியிருந்தது.

"பேசினீங்களா?"

வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: "ஒரு வார்த்தை பேசல டாக்டர். ஜெபம் மட்டும், கிசுகிசுன்னு."

"கிசுகிசுத்தாலும் தொண்டை இறுகும். காயம் எப்படி ஆறும்?"

"அலமாக்!" என்று பதறினார் வீட்டுக்காரர். "ஜெபத்துக்குமா?"

"சாமிக்குக் காது நல்லாவே கேக்கும் லா. மனசுல சொல்லுங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபித்தே குரலைப் போக்கிக்கொண்டேனோ என்று கார் வீடு சேரும்வரை பயந்துகொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து அவர் தம் பாதியைச் சொல்லிவிட்டு, என் பாதிக்கு ஆகும் நேரம் காத்திருப்பார். அந்த அமைதியில் நான் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும். இனி எனக்கு இவ்வளவுதானோ என்று தோன்றும். பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து வரும் அசதியில் சில நாள் அவர் அந்த இடைவெளியிலேயே தூங்கிவிடுவார். முழங்காலில் தட்டி எழுப்புவேன்.

காயம் ஆறியது. குரல் வந்தது. உச்சி வரவில்லை. கோயிலில் இப்போது தாழ்குரல் வரிசையில் நிற்கிறேன். கல்யாணங்களில் சுருதியை இறக்கிப் பாடுகிறேன்.

இன்றும் அவர் தம் பாதியை முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். நான் மூச்சை இழுக்கிறேன். குரல் வருமா என்று அந்த ஒரு மூச்சில் தெரியாது. முன்பெல்லாம் அப்படி ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது பேசும் முன்பும் பாடும் முன்பும் அந்த மூச்சுதான்; என் நாள் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

தொண்டையால் பிழைப்பவர்களுக்கு இதை அனுப்புங்கள். அதிசயம் நடந்து உச்சிக்குரல் திரும்பியது என்று மட்டும் அன்பினால்கூடச் சேர்த்துவிடாதீர்கள். உள்ளது உள்ளபடியே போகட்டும்.