பூ வைத்த நாள்

வீட்டுக் கேட்டைத் திறந்து விடுவதற்கு முன் அக்கா எனக்கு எதிரில் வந்து நிற்பாள். தோளைத் தொட மாட்டாள்; தொட்டால் எனக்குப் பிடிக்காதென்று அவளுக்குத் தெரியும். "பஸ்ல யாராவது பேரு கேட்டா பேர மட்டும் சொல்லு. எந்த ஊருன்னா லிங்கராஜபுரம்னு சொல்லு. கன்னடத்துலயே பேசு. வேற எது கேட்டாலும் கொத்தில்லன்னுடு." அது தொண்ணூற்றொன்றின் கடைசி. ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் தமிழர்களைத் தேடி அடித்ததில் ஊர் பற்றியெரிந்து, அடங்கி, பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னிடம் மணி கேட்டார். கையில் வாட்ச் கட்டியிருந்தும், தெரியாது என்று கன்னடத்தில், "கொத்தில்லா" என்றேன். அவர் என் வாட்ச்சையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் இதைக் கேட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் இல்லன்னா நீ இன்னாடி பண்ணுவ?" என்றாள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவள் நான். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாது என்றேன்.

எனக்கு நடக்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவள் வழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனால், பெரியம்மா கன்னத்தைக் கிள்ளுவாள், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவாள், சாப்பாட்டுப் பந்தியில் ஓரமாக இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்பாள். அவள் சொன்னது சொன்னபடி நடக்கும். சொல்லாதது ஏதாவது நடந்தால் எனக்குக் கைகால் விறைத்துப்போகும். அப்பா இல்லாத வீடு. அம்மா கார்மெண்ட்ஸில் தைத்துவிட்டு இருட்டிய பிறகு வருவாள். அம்மாவுக்கு நான் திமிர் பிடித்தவள், அக்கம்பக்கத்தாருக்கு ஒரு மாதிரி. அக்கா ஒருத்திதான் என்னை எந்தப் பெயரும் வைக்காமல் ஏற்றுக்கொண்டவள்.

அவளை ஆனேக்கல்லில் கொடுத்தார்கள். மாமா அங்கே எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். பெண் குழந்தை பிறந்தது. அது நடக்கப் பழகுவதற்குள் அக்காவுக்குக் கிட்னி கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அவள் தன் வேலையை விடவில்லை. ஒரு மத்தியானம் அம்மா காப்பி வாங்கப் போயிருந்தபோது சொன்னாள்: "நான் போயிடுவேன் போலிருக்குது. வீட்டுக்குக் கொண்டாருவாங்க. தமட்டை அடிப்பாங்க, பட்டாசு வைப்பாங்க. உன்னால தாங்க முடியலன்னா மாடிக்குப் போயிடு. யாரு இன்னா சொன்னாலும் காதுல போட்டுக்காத." அப்படியே நடந்தது. தெருமுனையில் தமட்டை கேட்டதும் நான் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கூடப் பிறந்தவள் பாடையில் போகிறாள், இவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கல்லு என்று கீழே பேசியது மாடிவரை கேட்டது.

காரிய நாட்களில் என்னை யார் யாரோ நடத்தினார்கள். இங்கே உட்கார், இதை வாங்கு, அங்கே விழுந்து கும்பிடு. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்தேன், அக்காவுக்காகச் செய்கிறோம் என்ற ஒன்று மட்டும் போதுமாக இருந்தது. கருமாதி முடிந்த பிறகுதான் வீட்டில் ஏதோ மாறியது. நான் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுபோனது. பெரியம்மா என் தட்டில் கேட்காமலே நெய் ஊற்றினாள். அளவு பிளவுஸ் ஒன்றைக் காணோம் என்று தேடினேன். தையற்காரரிடம் போயிருப்பதாக அம்மா சொன்னாள். மாமா வந்தால் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். இத்தனையையும் கவனித்தேன், ஒவ்வொன்றும் இன்றுவரை நினைவிருக்கிறது. ஆனால் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு நல்ல நாளில் ஆனேக்கல்லிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். புதுப் புடவை கொடுத்து உடுத்தச் சொன்னார்கள். துக்கம் முடிந்தால் புதுத்துணி கொடுப்பது எங்களில் வழக்கம், அதுதான் இது என்று நினைத்தேன். பலகையில் உட்காரச் சொன்னார்கள். மாமாவின் அம்மா குங்குமம் வைத்து, என் தலையில் மல்லிகைப் பூவை வைத்தார். வாசனை தலைக்கேறிக் குமட்டியது. சடங்குதானே, முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு பெரியம்மா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்து, "அம்மான்னு கூப்புடு" என்றாள்.

"நான் அம்மா இல்லியே. எதுக்கு அப்படிச் சொல்லித் தரீங்க?" என்றேன்.

"பூ வச்சாச்சு. ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி பேஜார் பண்ணாத" என்றாள் பெரியம்மா.

அப்போதுதான் நெய், பிளவுஸ், தரையைப் பார்த்த மாமா எல்லாம் ஒன்றாக வந்து என்மேல் விழுந்தன. தலையிலிருந்த பூவை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பூவை எடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும்; தெரிந்துதான் எடுத்தேன். மாமா எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவர்கள் மறுபடி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் ஓசூரில் பெண் எடுத்தார் என்று கேள்விப்பட்டோம். அக்காவின் குழந்தையை நான் பிறகு பார்த்ததே இல்லை.

வருடங்கள் போயின. ஒரு மெஷின் கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்க ஆரம்பித்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அந்த விளக்கிலும் சத்தத்திலும் என்னால் ஒரு கோட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. மனநல டாக்டரிடம் போனேன். அவர் அம்மாவையும் வரவழைத்து, என் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்துவது எனக்கு எட்டாது, அது திமிர் இல்லை, துக்கம் இல்லாததும் இல்லை என்றார். "இந்த வயசுலயா? அது சின்னப் பசங்களுக்குத்தானே வரும்?" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா தானாகவே சொன்னாள்: "அன்னிக்குப் பூ வச்சது பெரியம்மா யோசனை இல்ல. உங்க அக்காதான் சொல்லிட்டுப் போனா."

"குழந்தைக்காகவா?"

"குழந்தைக்கு அவங்க பாட்டி இருந்தாங்க. உனக்காக. ஆஸ்பத்திரியில உங்க மாமா கையப் புடிச்சிக்கினு கேட்டா. என் தங்கச்சியால தனியா இருக்க முடியாது, நீங்கதான் கட்டிக்கணும்னு. உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னுட்டா. சொன்னா மாட்டேன்னுடுவியாம்."

சாகப்போவதைக்கூட என்னிடம் சொன்னவள். அத்தனை வருடங்களாக வராத அழுகை அந்த பஸ்ஸில் வந்தது. சத்தமாக, அசிங்கமாக அழுதேன். அவள் செத்ததற்காக அழுதேனா, என்னை நம்பாமல் போனதற்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டர் "ஏனாய்த்தம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் நகர்ந்தார்.

அழுது முடித்து, "நான் தனியாத்தானே இருக்கேன்?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா மடியிலிருந்த ஆஸ்பத்திரிப் பையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். என்னால் முடியும் என்று அவளும் நம்பவில்லை. யாரும் எடுத்துச் சொல்லாமல் நானாகப் புரிந்துகொண்ட முதல் விஷயம் அது.