அமாவாசை லீவில் மரக்காணம் போகாதீர்கள்

பூநாரை (ஃபிளமிங்கோ) படம் எடுக்க மரக்காணம் போவது எப்படி என்று இரண்டு பேர் மெயிலில் கேட்டிருந்தார்கள். வழியைச் சொல்கிறேன். அங்கே நடந்ததையும் சொல்கிறேன். பாதி படித்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டாம்.

நாங்கள் போனது 2008 ஜனவரியில், அமாவாசை அன்று. ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. எனக்குத் தறியில் டிசைன் போடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பழுது பார்க்கும் வேலை. தறி ஓடாத நாளில்தான் என் போன் சும்மா இருக்கும். கூட வந்த சேகர் பட்டு நெய்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன். அவனுக்கும் அன்றைக்குத்தான் லீவு. கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று வந்தான். பறவைகளில் அவனுக்கு ஆர்வம் கிடையாது.

"இன்னாடா குமாரு, கொக்கு படம் புடிக்க நூறு கிலோமீட்டரா? நம்ம ஏரில நிக்கறது கொக்கு இல்லியா?" என்று வழியெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே வந்தான்.

காலை 3.40க்குக் கிளம்பினோம். நூறு சிசி பைக். ஆரணி, வந்தவாசி, தெள்ளார், திண்டிவனம், மரக்காணம். என் வண்டி மீட்டரில் 113 கிலோமீட்டர். பெட்ரோல் 200 ரூபாய்க்குப் போட்டேன், திரும்பி வரவும் போதும். வந்தவாசி தாண்டியதும் மார்கழிப் பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கரும்பு டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதை இடிக்காமல் தப்பியது என் திறமை இல்லை, பின்னால் இருந்த சேகர் என் முதுகில் அடித்ததுதான். தெள்ளாரில் நிறுத்தி டீ குடித்தோம். அன்றைய பயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

6.35க்கு உப்பளம் வந்தோம். வரப்பு மேல் பைக்கை நிறுத்திவிட்டுக் கழிமுகம் பக்கம் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பனி விலகியபோது, நானூறு மீட்டர் தள்ளி ஆழமில்லாத தண்ணீரில் இருநூறு பூநாரைகளுக்குக் குறையாமல் நின்றன. என் 300 எம்.எம். லென்ஸுக்கு அது தூரம். வெளிச்சமும் எதிரில். ஒரு நல்ல படம்கூட வராது.

காத்திருந்திருக்கலாம். எனக்குக் காத்திருக்க வராது. சேகரைப் பார்த்து, "நீ அந்தப் பக்கமா சுத்திப் போ. கிட்ட போனதும் கை தட்டு, சத்தம் போடு. பறந்து என் பக்கம் வரும்," என்றேன். பறவையைக் கலைத்துப் படம் எடுப்பது கேவலமான வேலை. தெரிந்துதான் செய்தேன்.

அந்தப் பக்கம் தரை வெள்ளையாகக் காய்ந்து, வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. "தாங்குமாடா?" என்று கேட்டான். எங்கள் பக்கத்து ஏரி எல்லாம் மாசியில் அப்படித்தான் வெடிக்கும். வெடித்த மண்ணில் மாட்டுவண்டியே போகும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஏரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வெடிப்பு என்றால் கெட்டித் தரை. "வெடிச்சிருக்கு பாரு, லாரியே போலாம்," என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

பறவைகள் எழுந்தன. இருநூறும் ஒரே நேரத்தில், சிவப்பும் கறுப்புமாக, என் தலைக்கு நேராக. சேகர் கத்திக்கொண்டிருந்தான். கத்தச் சொன்னதே நான்தான். கண்ணிலிருந்து கேமராவை எடுக்கவில்லை. ஒரு வட்டம் அடித்து மறுபடி வந்தன. அதையும் எடுத்தேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

சேகர் பாதியாக இருந்தான். அப்படித்தான் தெரிந்தது. இரண்டு காலும் தொடை வரை உள்ளே. மேலே விரல்கடை உப்புப் பொருக்கு, கீழே கறுப்புச் சேறு. அவனைச் சுற்றித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. வெடிப்புகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு பாளமாக மூடிக்கொண்டு வந்தது.

ஓடினேன். இருபதடி இருக்கும்போது என் காலும் முட்டி வரை இறங்கியது. மல்லாந்து விழுந்து, முழங்கையால் தேய்த்துத்தான் வெளியே வந்தேன். டிரைபாடை நீட்டினேன், எட்டவில்லை.

"இழுடா குமாரு, இழு, அடில ஏதோ புடிச்சிகினு கீதுடா," என்று அழுதான். அவனுக்கு எட்டு மாதக் குழந்தை. அவன் வீட்டில் என்ன சொல்வேன் என்று அந்த நேரத்தில் யோசித்தேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

பாத்தி மிதித்துக்கொண்டிருந்த உப்பளத்துக்காரர்கள் என் கத்தலைக் கேட்டு ஓடி வந்தார்கள். ஐம்பது வயது அம்மா ஒருவரும் இரண்டு ஆண்களும். வரப்பு அடிக்கும் பலகைகளைச் சேற்றில் போட்டு, அந்த அம்மா அதன் மேல் வயிற்றால் ஊர்ந்து சேகரிடம் போனார். நான் பலகையில் ஏறி அவன் அக்குளைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"கைய எடு! இழுத்தேன்னா இடுப்பு கயண்டுரும்," என்று என்னை அதட்டினார். "நீ பின்னால சாயி கண்ணு. பலகைல தலைய வெச்சி படு. காலை ஆட்டாத."

"தண்ணி வந்துகினே கீதும்மா," என்றேன்.

"வரட்டும். தண்ணி வந்தாதான் சேறு உடும். ஜல்தி ஜல்தின்னு குதிச்சா உள்ளதான் போவான்."

வாழ்க்கையில் நான் கேட்ட மோசமான வாக்கியம் அதுதான். ஒருவன் மேல் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஏறட்டும் என்று சும்மா இருக்க வேண்டும். இடுப்பு. வயிறு. சாய்ந்து கிடந்த அவன் தோள். நான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். காது வரை வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த அம்மா கையைத் தோள் வரை சேற்றுக்குள் விட்டு, அவன் கால் ஓரமாகத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்.

8.10க்கு ஒரு கால் வந்தது. எட்டே கால் தாண்டி இன்னொன்று.

கரையில் உட்கார்ந்ததும் அவர் என்னைக் கேட்டார்: "அமாவாசைல எவனாச்சும் கழில எறங்குவானாபா? இன்னிக்குதான் கடலு ஒசரமா ஏறும். எந்த ஊரு நீங்க?"

ஆரணி என்றேன். "அதானே," என்றார் ஆண்களில் ஒருவர். அதற்கு மேல் திட்டவில்லை. சோற்றுத் தூக்கைத் திறந்து சேகருக்குக் கொடுத்தார்கள்.

போகிறவர்களுக்கு: நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பறவை இருக்கும். அமாவாசை, பௌர்ணமியையும் அவற்றை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களையும் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் காலை எட்டு மணி வாக்கில் கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும், நல்ல வெளிச்சமும் அதே நேரம்தான். வரப்பை விட்டு இறங்காதீர்கள். வெள்ளையாக வெடித்திருந்தால் அது தரை இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் முதலில் பேசுங்கள், பறவை எங்கே கிட்ட வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எதையும் கலைக்காதீர்கள்.

படங்கள் எங்கே என்று கேட்பீர்கள். போடமாட்டேன்.

கேமரா ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிகிறது. பறவைகள் எழுந்த முதல் படம் 7.22. நான் திரும்புவதற்கு முன் எடுத்த கடைசிப் படம் 7.31. நடுவில் நாற்பத்தாறு படம். சேகர் வெறும் சத்தம் போடவில்லை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. இன்னும் ஒரே ஒரு வட்டம் என்று நினைத்தேன்.

சேகர் தெருவில் எல்லாரிடமும், "ஒரு கத்துதான் கத்தினேன், குமாரு பறந்து வந்துட்டான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன வாரம் அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து நேரத்தைக் காட்டினேன். நாற்பத்தாறையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒரு படத்தில் நிறுத்தி, கீழ் மூலையில் விரலை வைத்தான். இறக்கைகளுக்கு அடியில், ஃபோகஸ் தப்பி, கறுப்பாக ஒரு புள்ளி. அதிலிருந்து மேலே நீட்டியபடி ஒரு கோடு.

"இது என் கைடா," என்றான்.