நான் வந்திட்டன்

என் அண்ணரை நான் ஏமாற்றினேன். அவரைப் பார்க்கப் போகாமலே, தினமும் போவதாக நம்பவைத்தேன். அந்தப் பிழையைத் தீர்க்கத்தான் இந்த மாசி மாதம் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் புறப்பட்டேன்.

முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் நாலு மணித்தியாலம் பிடிக்கும். முதியோர் சலுகை போக ஏறக்குறைய முந்நூறு குரோனர். கைபேசியே அதைக் கட்டியது. நிலையத்தில் சீட்டு விற்க ஆளில்லை. பரிசோதகர் தன் கருவியை என் கைபேசிமேல் காட்டினார். அது கீச்சிட்டதும் டேனிஷில் "தக்" என்றார். அந்த நன்றி எனக்கா கைபேசிக்கா என்று தெரியவில்லை. கடலடிச் சுரங்கத்துள் ரயில் இறங்கியபோது, கண்ணாடியில் எல்லா முகங்களும் கைபேசிகளின் நீல வெளிச்சத்தில் மிதந்தன. ஒருவரும் நிமிரவில்லை.

அண்ணருக்கு மறதி நோய். முப்பது வருடம் தொழிற்சாலையில் பேசிய டேனிஷ்தான் முதலில் போயிற்று. தமிழ் மட்டும் மிஞ்சியது. அவர் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் ஜப்பானில் செய்த பேசும் பொம்மைகளை வைத்திருந்தார்கள். ஜப்பானில் தனித்து வாழும் முதியவர்களுக்கு அவை வீட்டு மனிதர் மாதிரியாம். அண்ணரின் பொம்மைக்குத் தமிழ்க் குரல் வேண்டுமென்று கேட்டார்கள். என் வீட்டுக் குசினியில் இருந்தபடியே பதிந்து அனுப்பினேன்: "அண்ணை, நான் வந்திட்டன். குளிசையைப் போடுங்கோ."

பொம்மை சொன்னதும் மருந்தை உடனே விழுங்குகிறாராம் என்று செய்தி வந்தது. அதன்பின் இரண்டு வருடம் நான் போகவில்லை.

மத்தியானம் இல்லத்தில், அண்ணரின் அறை வாசலில் ரதி காத்திருந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, அங்கே பராமரிப்பாளர். வணக்கம் சொன்னேன்.

"அங்கிள், கதைக்காதீங்க, எனக்குப் புல்லரிக்குது! தினமும் கேக்கிற குரல். இண்டைக்குத்தான் ஆளைக் காணுறன்."

நான் சிரிப்பதற்குள், மூடிய கதவுக்கு அப்பால் என் குரல் கேட்டது. "அண்ணை, நான் வந்திட்டன்."

"வா தம்பி, இரு. வெளியில சரியான குளிரே?" என்றார் அண்ணர்.

கதவைத் திறந்தேன். வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் பொம்மை இருந்தது. தன் சால்வையை அதற்குப் போர்த்தியிருந்தார். அது என்னைப் பார்த்து இமைத்தது.

"அண்ணை, நான் வந்திட்டன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். "ஆர் நீங்கள்? ஏன் என்ர தம்பி மாதிரிக் கதைக்கிறியள்?"

பொம்மையை நிறுத்திவிடும்படி ரதியிடம் கேட்டேன். ஊருக்குள் அறை எடுத்துத் தங்கி, குளிசையை நானே கொடுக்கத் தொடங்கினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கண் மூடிய பொம்மையை மடியில் வைத்து உலுக்கினார். "தம்பிக்கு என்ன செய்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டு அழுதார்.

"இனி மருந்து போகாட்டி ஆபத்து, அங்கிள்," என்றாள் ரதி.

நானே விசையை அழுத்தினேன். கண்கள் திறந்தன. நான் வந்துவிட்டதாக என் குரல் சொல்லிற்று. அவர் சமர்த்தாக விழுங்கினார்.

புறப்படும்போது, விருந்தாளியை வழியனுப்புகிற மரியாதையோடு கதவுவரை வந்தார்.

"என்ர தம்பி ஒருநாளும் வராமல் விட்டதில்லை. உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?"

"ஓம். ஒரு அண்ணை இருக்கிறார்."

"அப்ப ஒருக்கா அவரையும் போய்ப் பாருங்கோ."